அனுப்பாத கேள்வி

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், பழைய எக்ஸ்ரே படங்கள் அடைந்து கிடந்த அறைக்குப் பக்கத்து அறையில் அவள் வேலை பார்த்தாள். நோயாளி வீட்டுக்குப் போனதும் கோப்பு அவளுடைய திரைக்கு வரும். டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் பொறுப்பு. கட்டி, சீழ், தோலடித் தொற்றான செல்லுலைட்டிஸ் எல்லாம் அவள் பங்கு. இடது காலுக்கு ஓர் எண், வலது காலுக்கு வேறு எண். வெறுமனே ‘கால்’ என்று எழுதிவிட்டு எந்த டாக்டரும் அவளிடம் தப்பிக்க முடியாது. எந்தக் கால் என்று உடனே கேள்வி போகும். பதினோரு வருஷத்தில் அவளுடைய சொந்தப் பெயர் மறைந்து ‘கேள்வியக்கா’ நிலைத்துவிட்டது.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

“அக்கா, போன மாசம் மட்டும் அறுபத்திரண்டு கேள்வி. டாக்டருங்க என் உயிரை வாங்குறாங்க. எழுதியிருக்கிறதுக்கு எண் போடுங்க, போதும். வைத்தியம் பாக்கிறது நம்ம வேலை இல்ல.”

அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை ஒரு தச்சரின் கோப்பு வந்தது. இடது கெண்டைக்காலில் உளி கீறி, சிவந்து வீங்கி, முந்தின நாள் மாலை அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார். டாக்டர் செல்லுலைட்டிஸ் என்று எழுதி மாத்திரையோடு அனுப்பிவிட்டார். கீழே நர்ஸின் குறிப்பு: ‘காயத்தைப் பார்த்தால் இவ்வளவு வலிக்கக் கூடாது. இரண்டு ஊசிக்கும் வலி அடங்கவில்லை.’

இப்படிப்பட்ட வரிகளை அவள் வேறு கோப்புகளிலும் படித்திருக்கிறாள். சில பக்கம் தள்ளி, தசையை மூடியிருக்கும் உறையையே அழுகவைக்கும் தொற்றின் பெயர் வரும். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சைதான்.

‘நர்ஸ் குறிப்பைப் பார்த்தீர்களா? நோயாளியை மறுபடி கூப்பிட வேண்டுமா?’ என்று தட்டினாள். படித்துப் பார்த்தாள். மேலாளரின் குரல் காதிலேயே நின்றது. நமக்கு எதுக்கு வம்பு என்று அழித்துவிட்டு, இடது காலுக்கான எண்ணைப் போட்டுக் கோப்பை மூடினாள்.

மூன்று வாரம் கழித்து அதே தச்சரின் இன்னொரு கோப்பு வந்தது. அவள் முதல் கோப்பை மூடிய மறுநாளே, புதன்கிழமை மதியம், மயங்கிய நிலையில் தூக்கி வந்திருக்கிறார்கள். தொடைக்குக் கீழே காலை எடுத்தாகிவிட்டது. அவள் எண்ணைத் தப்பில்லாமல் போட்டாள். பிறகு படியேறிப் போய் அந்த டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். பழைய கோப்பைத் திறந்து நர்ஸின் குறிப்பைத் தேடிப் படித்தாள்.

“தப்பு என்னோடதுக்கா. நர்ஸ் எழுதினதை நான் படிக்கவே இல்ல.”

“நான் படிச்சேனே.”

“நீங்க அனுப்பியிருந்தா...” டாக்டர் முடிக்கவில்லை. “செவ்வாய் மதியம் பாத்திருப்பேன். கால் தப்பிச்சிருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

இருவருமாகவே விசாரணைக் குழுவிடம் எழுதிக் கொடுத்தார்கள். இனி இப்படிப்பட்ட குறிப்பைக் கண்டால் டாக்டருக்குப் போனிலேயே சொல்லலாம் என்று உத்தரவு வந்தது. மேலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நான் அந்த அர்த்தத்துல சொல்லலக்கா,” என்றார். அவர் மேல் பழி போட அவளுக்கு மனசு வரவில்லை. அழித்தது அவள் விரல்தானே.

பிறகு ஒருநாள் லிஃப்டுக்குள் சக்கர நாற்காலியில் அந்தத் தச்சர் இருந்தார். மடியில் இருந்த அட்டையில் பெயரைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

“எனக்கு வேண்டிய காலை நானே தேக்குல இழைச்சுக்கிறேன்னேன்மா. பிளாஸ்டிக்தான் தருவாங்களாம்,” என்று சிரித்தார். “நீங்க இங்க நர்ஸாம்மா?”

“இல்லண்ணே. எழுதுற வேலை.”

“நல்ல வேலை. யாருக்கும் ஊசி குத்த வேணாம்.”

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். கதவு திறந்து, பின்னால் நின்ற அவர் மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். கூப்பிட்டு நிறுத்தலாம் என்று நினைத்தவள், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

அன்று வீட்டில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவரிடம் லிஃப்டில் நடந்ததைச் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “சொல்லியிருந்தா அந்த மனுஷனுக்கு என்ன லாபம்? வேதனைதான் கூடும்.”

“அதேதான் நானும் நினைச்சேன்,” என்றாள். “அன்னிக்கு அந்தக் கேள்வியை அழிச்சப்பவும் இப்படித்தான் ஒரு நியாயம் சொல்லிக்கிட்டேன்.”