ஹீன் மெனிகே பெரியம்மாவின் வலது கால்

2018 பெப்ரவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, நான் வீட்டை விட்டுப் புறப்பட்டேன். கட்டுநாயக்க விமான நிலையம் வரை பெரியம்மா தன் மொரிஸ் மைனரில் கொண்டுபோய் விட்டார். முன் சீட்டில் அம்மா, பின்னால் பெட்டிகளுக்கு நடுவே நான். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் வெகு முன்பே பெரியம்மாவின் கால் பிரேக்கை இரண்டு தரம் மிதித்தது. முதல் மிதி பிரேக்கை எழுப்ப. இரண்டாவது வண்டியை நிறுத்த.

"ப்ளேனுக்கும் பிரேக் இருக்குமா அக்கா?" என்று அம்மா கேட்டார்.

"இருக்கும். ஓட்டுறது நான் இல்லையே, அதான் கவலை."

பெரியம்மா ஹீன் மெனிகே முப்பத்திரண்டு வருடம் மருத்துவிச்சியாக இருந்தவர். எங்கள் பக்கத்து மலைகளில் பிறந்த பாதிப் பேரை முதலில் தொட்டவை அவருடைய கைகள்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1986இல் ஒரு தேயிலைத் தொழிற்சாலை எழுத்தரிடமிருந்து அந்த வண்டியை வாங்கினார். அன்று முதல் வீட்டில் அரை நாள் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அப்படித்தான்; சாவியை எடுக்க ஏதாவது ஒரு காரணம் வேண்டும். சனிக்கிழமைக் காரணம் மாவனல்லைச் சந்தை. அப்பா இறந்ததிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவார். அம்மா வீட்டை விட்டு வெளியே வருவது வாரத்தில் அந்த ஒரு நாள்தான்.

இத்தனை வருடத்தில் யார் மீதும் வண்டி உரசியதில்லை. "முன்னால போறவனுக்கும் நமக்கும் நடுவுல ஒரு வீடு கட்டுற இடம் இருக்கணும்" என்பார். அவருடைய உண்மையான பிரேக் அந்த இடைவெளிதான்.

ஆறு வருடம், நான்கு நாடுகள், எட்டு வேலைகளுக்குப் பிறகு திரும்பி வந்தேன். பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். இரண்டாம் நாள் மறுபடி கட்டிப் பார்த்தேன். உட்கார முடியாமல் சனிக்கிழமை நானும் அவர்களோடு கிளம்பினேன்.

பெரியம்மா விட்ட இடைவெளியில் ஒரு த்ரீவீல் ஆட்டோ நுழைந்தது. அவர் வேகத்தைக் குறைத்து மறுபடி இடைவெளி விட்டார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள். அதன் பின்னால் இன்னொரு த்ரீவீல்.

"வீடு கட்டுற இடத்துல மூணு குடும்பம் குடி வந்துடுச்சு" என்று முணுமுணுத்தார்.

நான்காவதாக நுழைந்தது பாட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கும் த்ரீவீல். நுழைந்த உடனே அது நின்றது. பெரியம்மா இரண்டு தரம் மிதித்தார். இரண்டாவது மிதிக்குச் சாலையில் இடம் இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டி உடைந்து சீனி பணிஸ்கள் தார் ரோட்டில் உருண்டன. பாட்டு மட்டும் நிற்கவில்லை. அம்மாவின் நெற்றியில் நான்கு தையல்.

"இனி இதுல ஏற மாட்டேன் அக்கா" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லியிருந்தால் பெரியம்மா பதில் சொல்லியிருப்பார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பஸ்ஸில் போனார். பெரியம்மா எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்து, அந்த பஸ் எங்கள் வாசலைத் தாண்டியதும் அதன் பின்னாலேயே போனார். சந்தையில் ஒன்றாகக் காய்கறி வாங்கினார்கள். தனித்தனியாகத் திரும்பினார்கள். அடுத்த வாரமும் அப்படியே.

"பிரேக்கை மாத்துங்க பெரியம்மா" என்றேன்.

"பிரேக்குல குறை இல்ல. ரோட்டுலதான் குறை."

"ரோட்டை ரத்னசிறி பாஸ் கழட்ட மாட்டாரே."

ரத்னசிறி பாஸ் பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக். ஓட்டுநர் கால் வைக்கும் தகட்டைத் திறந்து, அடியில் புதைந்து கிடந்த பழைய பிரேக் சிலிண்டரை உருவினார். முன் சக்கரங்களின் டிரம்களைக் கழற்றிவிட்டு, கழித்துப் போட்ட ஒரு ஜப்பான் வேனின் டிஸ்க் பிரேக்குகளைப் பொருத்தினார். எஞ்சின் பக்கத்தில், மிதியின் பலத்தைப் பெருக்கும் பூஸ்டர் ஒன்று. மூன்று வாரம். பெரியம்மா தினமும் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"மிஸ், என் மூத்தவனை இந்த உலகத்துக்கு இழுத்தது நீங்க. அதனால மரியாதையாச் சொல்றேன்" என்றார் பாஸ். "இனி ரெண்டு மிதி கிடையாது. ஒரே ஒரு தரம். அதுவும் மிதிக்கக் கூடாது, தொடணும்."

"எனக்கு ஓட்டச் சொல்லித் தர்றியா?"

"ஐயோ, உங்களுக்கு இல்ல மிஸ். உங்க காலுக்கு."

மறுபடி வண்டியில் ஏற அம்மாவைச் சம்மதிக்க வைக்க எனக்கு நான்கு நாள் ஆனது. சந்தைக்குப் போகும் வழியில், பாதசாரிக் கடவையில் ஒருவர் கால் வைத்ததும் பெரியம்மா மிதித்தார், முப்பத்தெட்டு வருடம் மிதித்த அதே வேகத்தில். வண்டி ஆணி அடித்தது போல் நின்றது. பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு, ஒரு சாண் தூரத்தில் நின்றது.

கண்டக்டர் தலையை நீட்டினார். "நோனா, இது காரா சுவரா?"

அம்மா இறங்கி, அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

பெரியம்மா இரண்டு நாள் சாவியைத் தொடவில்லை. வண்டியின் மீது இப்போது பழி போட முடியாது. மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார். மூடிக் கிடந்த மர ஆலையின் முற்றத்துக்குப் போனோம். செருப்பைக் கழற்றினார். என் மடியில் நிறையத் தண்ணீரோடு ஒரு பேசின்.

"எவ்வளவு சிந்துதுன்னு சொல்லு."

"இனி சிந்த ஒண்ணும் இல்ல பெரியம்மா. எல்லாம் என் மேலதான்."

"வாயாடாத. நிரப்பு."

பன்னிரண்டு நாள். ஐந்து தரம் தொட்டால் ஆறாம் தரம் கால் பழையபடி பாயும். ஒருமுறை ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார்: "பிரசவ அவசரத்துல கத்துக்கிட்ட கால் இது. யாருக்கும் அவசரமில்லாத இந்த முற்றத்துல அதுக்கு எப்படி மறக்கும்?"

மாவனல்லை ரோட்டில்தான் மறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. சனிக்கிழமைகளில் பஸ்ஸுக்குப் பின்னால் போவதைத் தொடர்ந்தார், ஒரு வீட்டுக்குப் பதிலாக ஓர் அறை அளவு இடைவெளி விட்டு. பஸ்ஸின் பின் சீட்டில் உட்கார்ந்து அம்மா கண்ணாடி வழியே திரும்பித் திரும்பிப் பார்த்தார். கேட்டால், "யார் பார்த்தா?" என்றார். பெரியம்மா ஒரு தரம்கூட அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லி நான் நச்சரித்தபோது, "அவ நெத்தி, அவ முடிவு" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வேறொரு நாட்டில் வேலை கிடைத்தது. இருவருக்கும் நடுவில் எதுவும் முடியாமலே, ரயிலில் கொழும்புக்குப் போய் மறுபடி புறப்பட்டுவிட்டேன்.

பதினொரு மாதம் கழித்து, ஒரு துறைமுக ஊரில் வேலை நேரத்தில், அம்மாவின் குரல் பதிவு வந்தது. பின்னணியில் சந்தை இரைச்சல்.

"மகள், மாவனல்லையில நிக்கிறேன். அக்காவோட வண்டியிலதான் வந்தேன். பின் சீட்டுல. வளைவெல்லாம் எண்ணிக்கிட்டே வந்தேன், ஒண்ணுலயும் முன்னால சாயல. ஆனா அதை அவகிட்ட சொல்லல. திரும்பிப் போறப்ப முன்னால உட்காருறியான்னு கேட்கிறா. இத்தனை நாள் கேட்காதவ இன்னிக்கு மூணு தரம் கேட்டுட்டா. முதல்ல வெண்டிக்காய் வாங்கணும், அப்புறம் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."