அமெரிக்கக் காருக்கு உள்ளூர் இருமல்

இன்று காலை ஆலங்காயத்திலிருந்து மலை ஏறும்போது, மூன்றாவது வளைவில் என் பழைய அமெரிக்கக் கார் இருமி இருமி நின்றுவிட்டது. பின்சீட்டில் பட்டு வேட்டியோடு மாப்பிள்ளை, என் நண்பன். மேலே முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"டீசல் ஃபில்டர் அடைச்சிருக்கும். இன்னா இன்ஜின்னு சொல்லுங்க, எடுத்துனு வர்றேன்."

அதுதான் எனக்குத் தெரியாது. அசல் இன்ஜினை எடுத்துவிட்டு யாரோ வேறொன்றை வைத்திருக்கிறார்கள். நம்பரைத் துரு தின்றுவிட்டது. மாப்பிள்ளை என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

மேலே போகும் ஜீப்புக்காக ரோட்டோரம் நின்றிருந்த ஓர் அம்மா, "இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். சாவியைத் திருப்பினேன்.

"எங்க ஊரு ஜீப்புக்கும் இதே இருமல்தாங்க. டெய்லி கேக்கறேனே."

இருமலைப் போனிலேயே கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக் சிரித்தார். "ஆமாங்க, அதே ஜீப் இன்ஜின்தான். ஃபில்டர் கடையிலயே கீது. வர ஒரு மணி நேரம் ஆவும்."

அதற்குள் கீழ் வளைவில் அதே இருமல் கேட்டது. ஜீப் வந்தது. அந்த அம்மாவும் மாப்பிள்ளையும் ஏறிப் போய்விட்டார்கள்.

தாலி கட்டியாகிவிட்டதாம், இப்போதுதான் மெசேஜ் வந்தது. நான் இன்னும் மூன்றாவது வளைவில்தான் நிற்கிறேன்.

இனி இதை அமெரிக்கக் கார் என்று எந்த வாயால் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.