மஞ்சள் தோட்டா

எங்கள் குடும்பத்தில் இரண்டு துவக்குகள் உண்டு. கட்டுக்கரை வயலில் பன்றிக் காவலுக்கென்று அனுமதி பெற்றவை. இரண்டுமே எங்களைவிட மூத்தவை. என் கணவரின் அக்காவான மச்சாளிடம் இருந்தது மாமாவின் இரட்டைக்குழல், குழல் அளவு ‘பன்னிரண்டு போர்’. என்னுடையது அதைவிட ஒடுக்கமான ‘இருபது போர்’; எண் கூடினால் குழல் ஒடுங்கும். வருடத்துக்கொருமுறை கொழும்பில் நடக்கும் பெண்கள் போட்டிக்கு இருவரும் போவோம். எறியப்படும் மண் தட்டு விழுமுன் சுட்டு உடைக்க வேண்டும். புதுத் துவக்கோடு வரும் பெண்கள் எங்களுடையதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நாலு தட்டு உடைந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மச்சாளுக்கு ஒரே சட்டம்: இரண்டு துவக்கின் தோட்டாவும் ஒரு பைக்குள் போகக்கூடாது. சிறியது பெரிய குழலுக்குள் வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லாததுபோலத் தெரியும். பின்னால் இன்னொன்றைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். அதற்காகத்தான் சிறியதற்கு மஞ்சள் நிறம்.

போன வருடம் அறுவடை முடிந்த வயலில் பழகப் போனோம். என் பை கிழிந்திருந்தது, தைக்கப் பஞ்சி, சோம்பல். மச்சாளுக்குத் தெரியாமல் என் தோட்டாக்களை அவருடைய பைக்குள் கொட்டிக்கொண்டு போய், வயலில் இறங்கியதும் பொறுக்கி எடுத்தேன். ஒன்று அதற்குள்ளேயே தப்பிவிட்டது. மச்சாளோ கண்ணை வானத்தில் வைத்துக்கொண்டு கையால் துழாவித் தோட்டா போடுகிறவர்.

தட்டை எறிந்தேன். துவக்கு ‘டிக்’ என்றது, வெடிக்கவில்லை. திறந்து பார்த்துச் சிரித்தார்.

“போடவே மறந்திட்டனடி. வயசு போகுது.”

“கெதியாப் போடுங்கோ மச்சாள், வெயில் ஏறுது,” என்றேன். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது எனக்காகவே சொன்னது.

அடுத்த தட்டை எறிந்தேன். அவர் சுட்டார், குழல் பிளந்தது. மச்சாளின் இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் பொலிஸ்காரர் கேட்டபோது, “நான்தான் மாறிப் போட்டனான்,” என்றார் மச்சாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் போட்டி இருந்தது.

வீட்டுக்கு வந்தபின் அவருக்குத் தலை பின்னி விடுவது என் வேலையானது. ஒருநாள் திரும்பிப் பாராமலே கேட்டார்.

“மஞ்சள் தோட்டா என்ர பைக்குள்ள எப்பிடி வந்தது எண்டு எனக்குத் தெரியும். பொலிசிட்ட நீ ஏன் சொல்லேல்லை?”

“என்ர துவக்கைப் பறிச்சிடுவாங்கள் எண்டு பயந்தனான்.”

“என்ர கையைப் பாத்துக்கொண்டு நிக்கேக்கையும் அதைத்தான் நினைச்சனியோ?”

பின்னல் நுனியில் நாடாவைக் கட்டினேன். பொய் வரவில்லை.

“ஓம் மச்சாள்,” என்றேன்.