புல் சுரண்டிய சதுப்பு

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு சதுப்பு. பதுளை டவுன் ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறி ஏறி, சுற்றிலும் வீடு கட்டியது போக மிச்சம் கிடந்த பள்ளம் அது. கோரையும் நாணலும் மண்டிய அந்தச் சகதியில் ஊறும் தண்ணீர்தான் கீழே எங்கள் பீலிக் குழாயில் விழும். குடிக்க, குளிக்க, துவைக்க லயம் முழுக்க அந்த ஒரு பீலிதான்.

ஒருநாள் டவுனிலிருந்து ஓர் அதிகாரி வந்து, சதுப்பை மீட்கப் போவதாகச் சொன்னார். அடேயப்பா! இத்தனை காலம் அது யார் பிடியில் இருந்ததோ, எங்களுக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கிழம சிரமதானம். எல்லாரும் வந்து குப்பைய பொறுக்கணும்" என்றார்.

போனோம். பையும் போத்தலும் பொறுக்கி முடிய அரைமணி நேரம் ஆகவில்லை. அதற்கப்புறம் கை சும்மா இருக்குமா? தலைமுறை தலைமுறையாகத் தேயிலைக்கு நடுவே புல் தெரிந்தால் ஏச்சு வாங்கிய சனம் நாங்கள். முதலில் ஒருவர் கோரையைச் சுரண்டினார். பிறகு கேட்க வேண்டுமா, எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.

"அட பாவிகளா, பீலிக்கு மேல கை வைக்காதீங்க!" என்று என் மனைவி கத்தினாள். யார் காதில் விழுந்தது? அதிகாரியோ வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் சதுப்பு மொட்டையடித்த தலையாகிவிட்டது.

அடுத்த மழைக்கு வெறும் மண் அப்படியே கரைந்து இறங்கியது. அன்றிலிருந்து பீலியில் வருவது சேறு. துணியில் வடிகட்டி, தெளியவைத்து, கொதிக்கவைத்தும் நிறம் போகவில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? சுரண்டியவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள்.

சதுப்பு மீண்டுவிட்டதா என்று பார்க்க அதிகாரி திரும்பவும் வந்தார். மொட்டைப் பள்ளத்தைப் பார்த்து, "ரொம்ப நீட்டா இருக்கு" என்று பூரித்துப்போனார். வந்த மனிதரைச் சும்மா அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை. "வீட்டுக்கு வாங்க சார், சூடா ஏதாவது குடிச்சிட்டுப் போகலாம்" என்று மனைவி கூப்பிட்டாள். எனக்கே ஆச்சரியம். ஒரு கண்ணாடிக் கிளாஸில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "தோட்டத்துப் பிளேன்டீன்னா பிளேன்டீதான். சாயம் என்னமா எறங்கியிருக்கு!"

"தேயிலை இன்னும் போடலீங்க சார்" என்றாள் அவள். "அது பீலித் தண்ணி. குடிங்க."