தேசிங்கு அண்ணன் கரையைப் பாத்த சீன்

அந்தப் பசை வாசனை இன்னும் மூக்குலயே இருக்கு. ஒட்டுத் தாடிக்குத் தடவுற பசை. ஷூட்டிங் முடிஞ்சு அண்ணன் வூட்டுக்கு வந்தா கன்னமெல்லாம் செவந்து, பிசுபிசுன்னு இருக்கும். அம்மா தேங்கா எண்ணெய் வெச்சுத் தேச்சு எடுப்பாங்க.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல எங்க குப்பம். அங்க ஒரு ராஜா படம் எடுக்க வந்தாங்க. கப்பல், யானை, வாள் சண்டை எல்லாம் இருக்கற படம். கடல் தெரிஞ்ச ஆளுங்க வேணும்னு எங்க ஊர்ல நாலு பேரைக் கூட்டினு போனாங்க. மூணு பேரு துடுப்பு போட்டதோட சரி. எங்க அண்ணன் தேசிங்குக்கு மட்டும் ஒரு டயலாக்.

புயல்ல மாட்டுன கப்பல்... பாய்மரத்துல ஏறி நின்னு, கைய நீட்டி, "கரை தெரிகிறது அரசே!" அவ்ளோதான். ரெண்டு நாளா வூட்ல அதையே சொல்லிகினு இருந்தான். கேமரா மூஞ்சிக்கு நேரா வந்துச்சுன்னான். டைரக்டர் தோள்ல தட்டுனாருன்னான்.

நான் அப்பவே முழுசா நம்பல. மத்த மூணு பேரும் அன்னிக்கு வேற படகுல இருந்தாங்களாம், எவனும் பாக்கலயாம். அது எப்படி?

சின்ன வயசுல இருந்தே எனக்கு இந்தப் புத்தி. இப்போ எனக்குச் சோறு போடறதும் இதான்... இன்சூரன்ஸ் ஆபீஸ்ல கிளைம் செக் பண்ற வேலை.

படம் ரிலீஸ் ஆச்சு. மினி லாரி புடிச்சு, குப்பமே செங்கல்பட்டு தியேட்டருக்குப் போனோம். மேட்னி ஷோ. யானை வந்தா விசில், வாளை உருவுனா விசில். நடுவுல அண்ணன் புதுச் சட்டையோட உக்காந்திருந்தான்.

இன்டர்வல் முடிஞ்சு கடல் வந்துச்சு. எங்க கூட்டம் மொத்தமும் கப்சிப்.

தூரத்துல கப்பல் ஆடுது... அடுத்த ஷாட்ல ராஜா மணல்ல நடந்து வராரு.

நடுவுல ஒண்ணுமே இல்ல.

பின்சீட்டுல இருந்து ஒருத்தரு கேட்டாரு, "இன்னா தேசிங்கு, நீ தண்ணிக்கு அடியில கீறியா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

ஆபரேட்டர் வெட்டிட்டான்னு அண்ணன் சொன்னான். சொன்னதுல நியாயமும் இருந்துச்சு. அப்பல்லாம் படம் நீளமா இருந்தா, அடுத்த ஷோ லேட்டாகும்னு தியேட்டர்காரங்களே ஒரு பாட்டையோ சீனையோ தூக்கிடுவாங்க. ஊர்ல பாதிப் பேரு அத நம்புனாங்க.

எனக்குத்தான் மனசு கேக்கல. அடுத்த வாரம் யாருக்கும் சொல்லாம எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறி தாம்பரம் போய், அதே படத்தைத் தனியா பாத்தேன். அங்கயும் அந்த சீன் இல்ல. திரும்பி வந்து, கரையில போட்டெல்லாம் ஏத்தி வெக்கிற எடத்துல, பத்து பேரு முன்னாடி சொன்னேன்... "தாம்பரத்துலயும் இல்லப்பா. இவன் சும்மா புளுகுறான்."

அண்ணன் என்னைப் பாத்தான். எழுந்து வூட்டுக்கு நடந்துட்டான்.

ஒரு சினிமா சீனுக்கு இவ்ளோ பேச்சான்னு நினைப்பீங்க. எங்க போட்ல கடலைப் பாத்துச் சொல்றவனே அண்ணன்தான். தண்ணி நெறம் லேசா மாறுனா போதும், அங்க மீன் கூட்டம் நிக்குது, திருப்புன்னுவான். நம்ம கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் வார்த்தையை நம்பித்தான் டீசலை எரிச்சு அவ்ளோ தூரம் போகணும்.

அந்தப் படத்துக்கப்புறம் அவன் கைய நீட்டுனாலே சிரிப்பு... கரையைப் பாத்தவரு மீனைப் பாத்துட்டாருப்பான்னு நக்கல். யாரும் போட்டைத் திருப்பல. ஒரு தபா அவன் காட்டுன எடத்துலயே பக்கத்துக் குப்பத்துக்காரங்க வலை நெறைய வாரினு போனாங்க. அதையும் குருட்டாம்போக்குன்னுட்டாங்க.

வருஷம் திரும்பறதுக்குள்ள அண்ணன் கடலை வுட்டுட்டான். கல்பாக்கத்துல குவார்ட்டர்ஸ் பக்கம் தோட்ட வேலைக்குப் போனவன், இன்னிக்கு வரைக்கும் அங்கதான்.

போன மாசம் அந்தப் படத்தோட டைரக்டர்ஸ் கட் ஓடிடியில வந்துச்சு. அரை மணி நேரம் எக்ஸ்ட்ரா. ரிலீஸுக்கு முன்னாடி ப்ரொட்யூசர் வெட்டச் சொன்னதையெல்லாம் டைரக்டர் திரும்பச் சேத்திருக்காராம். டைரக்டர்ஸ் கட்டுன்னாலே பழசைப் புதுசுன்னு விக்கிற வேலைன்னு ஆபீஸ்ல பேசுனவன் நான். இருந்தாலும் காலையில ஆபீஸ் போக கூடுவாஞ்சேரியில ட்ரெயின் ஏறி, நின்னுகினே போன்ல ஓட்டிப் பாத்தேன். நம்பி இல்ல... செக் பண்ணத்தான்.

மழை... பாய்மரம்... எங்க அண்ணன்.

நிறுத்தி, பெருசாக்கி, புருவத்துல தூண்டி முள்ளு கிழிச்ச தழும்பைத் தேடுனேன். இருந்துச்சு. கைய நீட்டுறான், சொல்றான். குரல் கூட அவனோடதுதான். நான் எறங்க வேண்டிய ஸ்டேஷன் போனதே தெரியல. கண்ணுல தண்ணி வந்துடுச்சு, பக்கத்துல இருந்தவரு ஒரு மாதிரி பாத்தாரு.

கமெண்ட்டைப் பாத்தா ஒரே திட்டு. ஒரே லேக், இழுவை, தூக்கம் வருது, அந்தக் கப்பல் சீனை அப்பவே வெட்டுனது கரெக்டுன்னு ஒருத்தன். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்ல. எங்க அண்ணனோட மானமே அந்த லேக்குலதான்டா இருந்துச்சுன்னு டைப் பண்ணேன்... அழிச்சுட்டேன்.

அந்தத் துண்டை மட்டும் ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். உடனே ரிப்ளை... ஏஐ செமயா கீது மாமா, எந்த ஆப்புன்னு ஒரு பையன். தேசிங்கு மூஞ்சிய நல்லா ஒட்டிகீறன்னு இன்னொருத்தர், அன்னிக்கு என்கூட சிரிச்சவரு. சத்தியம் பண்ணேன். சிரிப்பு பொம்மைதான் வந்துச்சு.

அப்போ ஆதாரம் எங்கன்னு கேட்டோம். இப்போ ஆதாரத்தைக் காட்டுனா அதையே சந்தேகப்படுறாங்க. அவங்களைத் திட்ட எனக்கு வாய் வரல.

ஞாயித்துக்கிழமை கல்பாக்கம் போனேன். அண்ணன் கண்ணாடிய மாட்டினு பாத்தான். ஒரே ஒரு தபாதான் பாத்தான். சந்தோஷப்படுவான், இல்லன்னா நாலு திட்டாவது திட்டுவான்னு நினைச்சேன். ரெண்டும் இல்ல. நீ சொன்னது நெசம்தாண்ணா, இப்ப நம்புறேன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேவலமா இருந்துச்சு.

போனை என் கையில குடுத்தான்.

"அன்னிக்கு நான் சொன்னேன்டா, நம்பல. இன்னிக்கு இந்தப் போனு சொல்லுது... நம்புற."