ஆறு கைப் பிசாசும் நின்றுபோன நிச்சயமும்

ராஜபாளையத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா ஒரே ஒரு உத்தரவு போட்டாள். “ஏட்டி, அந்தப் பழைய கதைய மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத.”

பழைய கதை இதுதான். முந்தின வருஷம் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. பத்திரிகை அடித்து முடித்த பிறகு, மாப்பிள்ளை என்னிடம் வேலையை விடச் சொன்னார். நான் மாப்பிள்ளையை விட்டேன். அதற்குப் பிறகு வந்த வரன்கள் எல்லாம் விஷயம் காதில் விழுந்ததும் பஜ்ஜியைக்கூட முடிக்காமல் எழுந்து போய்விட்டன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் நான். நடந்ததை நடக்கவில்லை என்று மறைக்கச் சொன்னால் எனக்கு நாக்கு அரிக்கும். ஆனாலும் அம்மா அந்த வருஷம் முழுக்கச் சரியாகத் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். சரியென்று தலையை ஆட்டி வைத்தேன்.

வந்தவர்கள் மூன்று பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, கூட்டி வந்த தரகர். தரகர் என்னைப் பற்றி அளந்துவிட்டதைக் கேட்டு எனக்கே என்மேல் மரியாதை வந்தது. நான் சத்தமாகப் பேச மாட்டேனாம். விடிவதற்கு முன்பே எழுந்து கோலம் போடுவேனாம். ஊர், படிப்பு, வயது எல்லாம் சரிதான். அதற்குள்ளே குடியிருந்த பெண்தான் யாரோ.

“ரெண்டு பேரும் செத்த நேரம் பேசட்டுமே” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். ராஜபாளையத்தில் குடும்பமாக பேண்டேஜ் துணி செய்கிறவர்கள் அவர்கள். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் எங்கள் தண்ணீர் டேங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். அதைத்தான் கட்டிக்கப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்த நேரத்தில் அவருடைய போன் அடித்தது.

அந்த ரிங்டோன் எனக்குத் தெரியும். நான் கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கும் ஜப்பான் கார்ட்டூன் தொடரின் பாட்டு அது. நாலைந்து நூற்றாண்டுக்கு முந்தைய போர்க்காலத்தில் நடக்கிற சாமுராய் கதை. கோட்டை நிஜம், சண்டை நிஜம், நடுவிலே ஆறு கையோடு ஒரு பிசாசு வரும்.

“நீங்களும் பாக்கியளா?” என்றேன். தரகர் சொன்னபடி மெதுவாகப் பேச வேண்டும் என்பது மறந்துபோனது.

மனிதர் டேங்கை விட்டு என் பக்கம் திரும்பினார். “பிசாசு வருது, சரின்னு ஒத்துக்கிடுதேன். ஆனா ரெண்டாவது எபிசோட்ல அந்தச் சாமுராய்க்கு வயித்துல ஒரு கட்டு போடுதாங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அம்புட்டு நைஸான காஸ் துணி அந்தக் காலத்துல ஏதுங்க? ஓரத்துல ஒரு நூல்கூடப் பிரியல. அப்படியே எங்க ரோலர் பேண்டேஜ்!”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆறு கையை மன்னித்தவர் அரை முழத் துணியை மன்னிக்கவில்லை. ஒவ்வொரு எபிசோடும் முடிந்ததும் எது நிஜம், எது புளுகு என்று தனக்குத்தானே பந்தயம் கட்டிவிட்டுப் பொறவு தேடிப் பார்ப்பாராம். நானும் அதைத்தான் செய்கிறேன் என்றேன்.

“அதுல ஒரு பாதிரியார் வருவாரே, முத்துக் குளிக்கிற கடக்கரையில இருந்து வாரேன்னு சொல்லிக்கிட்டு? தூத்துக்குடிப் பக்கம்னு வேற சொல்லுவாரு. அது தமிழ் டப்பிங்ல நம்மாளுங்க சேத்த சரக்குதானே?”

“அது நிஜம். நம்ம கடக்கரையில ஊழியம் பாத்த பாதிரியார் ஒருத்தர் பொறவு ஜப்பானுக்குக் கப்பலேறிப் போயிருக்கார்.”

அவர் வாயைப் பிளந்தார். “இம்புட்டு நாளா அதப் புளுகுன்னுல்ல நெனச்சேன்!”

நல்லா மாட்டினீர்கள் என்று எனக்குத் தெம்பு வந்துவிட்டது. “அப்ப என்னையும் கண்டுபிடிங்க. மூணு விஷயம் சொல்லுதேன். ஒண்ணு புளுகு” என்றேன். கீழே இருந்த கேசரியை நான்தான் கிண்டினேன் என்றேன். கல்லூரியில் அந்தத் தொடரைப் போட்டுக் காட்டிப் பாடம் நடத்தித் துறைத்தலைவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்றேன். மூன்றாவதாகவும் சின்னதாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன். வாய் கேட்டால்தானே? பத்திரிகை வரைக்கும் போன ஒரு கல்யாணத்தை நானே நிறுத்தினேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் யோசிக்கவே இல்லை. “மூணாவதுதான் புளுகு. சும்மா சிரிச்சுக்கிட்டே சொல்லுதீங்க.”

தப்பிக்க வழியை அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா நிம்மதியாகத் தூங்குவாள். எனக்கும் இந்த ஆளை விட மனசில்லை. அந்த ஆசைதான் என்னைப் பயமுறுத்தியது. இவரிடம் போய் அதை மறைத்துவிட்டுக் காலம் முழுக்க எப்படிச் சிரிப்பது?

“கேசரிதான் புளுகு. கடையில வாங்குனது” என்றேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கியது. “ஏன் நிறுத்துனீங்க?” என்றார். சொன்னேன். கேட்டுக்கொண்டார். படியிறங்கிப் போய்விட்டார். போயும் போயும் ஒரு கார்ட்டூனால் கெட்டேனே என்று நினைத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன்.

ஹாலில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். “ஏலே, பேசி முடிச்சாச்சா?” என்று அவர் அம்மா கேட்டார்.

“ஆச்சும்மா. இவிய ஏற்கனவே ஒரு கல்யாணத்த நிறுத்திருக்காவ. பத்திரிக அடிச்ச பொறவு.”

தரகர் தண்ணீர்ச் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தார். அம்மா கையிலிருந்த பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“சரி. அதுக்கு இப்ப என்னலே?” என்றார் அவர் அம்மா.

“வேலைய விடுன்னு சொன்ன ஆள இவிய விட்டுட்டாவ. நான் என்னத்தச் சொல்லி மாட்டுவேன்னு தெரியல, பயமா இருக்கு. எனக்கு வாய் வேற சும்மா இருக்காது. நான் எதயாவது உளறதுக்குள்ள சட்டுன்னு தேதியப் பாருங்க” என்றார். பொறவு என் பக்கம் திரும்பி, “நிறுத்துறதா இருந்தா இப்பமே சொல்லிருங்க, பத்திரிக அடிக்கதுக்கு முன்னாடி” என்றார்.

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன எனக்கு.

“இப்போதைக்கு அடிக்கச் சொல்லுங்க” என்றேன்.