அம்புக்குறி போட்ட வரி

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இங்கிலீஷில் தீசிஸ் அடித்துக் கொடுத்தான் என்றால், சங்கரன்கோவில் வட்டாரத்தில் அது நான் ஒருத்தன்தான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. பனவடலிசத்திரத்திலிருந்து வந்து ஒரு வக்கீல் ஆபீசில் எடுபிடியாக இருந்தேன். அங்கே மூலையில் கிடந்த பழைய மெஷினில் நானாகவே விரல் பழகினேன். எழுபதுகளின் நடுவில் தேரடிப் பக்கம் சொந்தமாக டைப்பிங் கடை போட்டேன். பத்து விரலும் ஓடும். அர்த்தம் தெரியாது, எழுத்து தப்பாது. அர்த்தம் தெரிந்தவன்தான் தானாக ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவான் என்று வருகிறவர்களிடம் பெருமையாகவே சொல்லுவேன்.

பக்கத்துக் காலேஜில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த ஒருவர் ஏழு வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். பாளையங்கோட்டைக்காரர். சர்ச்சுக்குப் போகிற குடும்பம், வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். இளையரசனேந்தல், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயம்தான் அவருடைய ஆராய்ச்சி. ஒரு அத்தியாயத்தை அடித்துக் கொடுத்தால் மறுவாரமே அதைத் திருத்தி எடுத்து வருவார். மார்ஜினில் புதிதாக ஏதாவது எழுதி, எந்த இடத்தில் நுழைக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருப்பார். அம்பு எங்கே போகிறதோ அங்கே நான் அடிப்பேன். எங்களுக்குள் இருந்த ஏற்பாடு அதுதான்.

நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். வாசலுக்கும் மெஷினுக்கும் நடந்துகொண்டே பேசுவார்.

"கிளாஸ்ல ஏறிட்டா எனக்குச் சந்தேகமே வராது அண்ணாச்சி. முக்கா மணி நேரம். பெல் அடிக்கதுக்குள்ள எதையும் தைரியமாச் சொல்லிருதேன். வீட்ல பேப்பரோட உக்காந்தா பெல் அடிக்கவே மாட்டேங்கு. நேத்து எழுதுனது இன்னைக்குத் தப்பாத் தெரியுது."

"நம்ம கடையில ஒரு மணிய வாங்கி மாட்டிருவமா சார்?"

"கேலி பண்ணுதீரு."

"கேலி இல்ல. நானும் இப்படி யோசிச்சிட்டே நின்னிருந்தா, இன்னும் வக்கீலுக்குக் காப்பி வாங்கிட்டுத்தான் அலைஞ்சிருப்பேன்."

அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர்கள் டாக்டர் பட்டம் வாங்கி அவருக்கே மேலே போய்விட்டார்கள். தீசிஸைக் கொடுக்க இவருக்குப் பல்கலைக்கழகம் இரண்டு தடவை அவகாசம் நீட்டிக் கொடுத்தது. மூன்றாவது கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. குறிப்பிட்ட நாளில் சாயங்காலம் ஐந்து மணிக்குள் மதுரையில் ஐந்து பிரதியும் போய்ச் சேர வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் வீண்.

அந்த நாள் காலையில் பைண்டிங் ஆன ஐந்து புத்தகங்களும் என் மேஜையில் இருந்தன. எட்டரைக்கு பஸ். எடுத்துக்கொண்டு போக வேண்டியவர், நின்றபடியே புரட்ட ஆரம்பித்தார். ஓரிடத்தில் கை நின்றது.

"அண்ணாச்சி, இத யாரு அடிச்சா?"

"இந்தக் கடையில என்னைய விட்டா வேற யாரு அடிக்கா?"

அந்த இடத்தைத் தமிழில் சொன்னார். முதல் வரி இது: மழை விழுந்த பிறகும் இப்பகுதி விவசாயிகள் விதைக்காமல் நாள் கடத்துவது அவர்களுடைய தன்னம்பிக்கைக் குறைவைக் காட்டுகிறது. அதற்கு அடுத்த வரி: இது உண்மைதானா, இல்லை என்னைப் போலவே அவர்களையும் நினைத்துக்கொண்டேனா?

இரண்டாவது வரி அவர் தனக்குத்தானே பென்சிலில் எழுதி வைத்த குறிப்பு. எதைப் பற்றிய சந்தேகம் என்று மறக்காமலிருக்க ஒரு அம்பும் போட்டிருந்தார். நான் அதை ஐந்து பிரதியிலும் நுழைத்துவிட்டேன்.

"அம்பு இருந்துச்சு. அடிச்சேன்," என்றேன். குரல் எனக்கே தெம்பாகக் கேட்கவில்லை. ஆனால் அந்த முதல் வரி என்னைச் சும்மா விடவில்லை. "சார், ரெண்டாவது வரி என் தப்பு. மொத வரி உங்க தப்பு."

திரும்பிப் பார்த்தார்.

"மொத மழைக்கு எவன் வெதைப்பான்? மண்ணு மேலாப்புலதான் நனைஞ்சிருக்கும். மொளைச்சு நாலு நாள் வெயில்ல கருகிப் போயிரும். எங்கய்யா மம்பட்டியால ஒரு கொத்து கொத்தி, உள்ள கைய விட்டுப் பாப்பாரு. மணிக்கட்டுக்கு மேல ஈரம் இருந்தாத்தான் வெதையத் தொடுவாரு. பயந்துபோயா நின்னாரு? பாத்துட்டு நின்னாரு."

"இத ஏன் வே ஏழு வருசமாச் சொல்லல?"

"நீங்க என்ன எழுதிருக்கீயன்னு எனக்கு எங்க தெரியும்?"

அவர் புத்தகத்தை மூடிவிட்டார். "அப்ப இந்த அத்தியாயமே தப்பு. குடுக்க வேண்டாம் அண்ணாச்சி. விட்டுரலாம்."

மணி எட்டு. ஐந்து புத்தகமும் என் கண்முன்னால் குப்பைக்குப் போகிற மாதிரி இருந்தது. "ஒரு எடத்துல தப்புன்னா என்ன செய்வாவ? அதுக்கு ஒரு வழி இல்லாமலா இருக்கும்?" என்று கேட்டேன். பிழைதிருத்தம் என்று ஒரு சீட்டு அடித்து ஒட்டலாம், ஆனால் யோசித்து எழுத வேண்டும் என்றார். சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். அதை வாங்கி வைத்துக்கொண்டு என் பேனாவைக் கொடுத்தேன்.

"யோசிச்சது போதும். எழுதுங்க சார். பஸ்காரன் நிக்க மாட்டான்."

மேஜையில் குனிந்து மூன்று வரி எழுதினார். ஒரு அடித்தல் இல்லை. நான்கு கார்பன் வைத்து அடித்து, ஐந்து சீட்டாகக் கத்தரித்தேன். ஒட்டும் முன், அந்தத் தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். முதல் வரி நீக்கப்படுகிறது, விவசாயிகள் ஈரத்தின் ஆழம் பார்த்தே காத்திருக்கிறார்கள் என்று திருத்தி வாசிக்கவும் என்றார்.

"அப்ப ரெண்டாவது வரி?"

"அது இருக்கட்டும். நான் கேட்டதுதான."

பசை காயாத புத்தகங்களோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

மறுநாள் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றார். நாலேகால் மணிக்கு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்துவிட்டார்களாம். சந்தோஷமாக இருப்பார் என்று பார்த்தால், வாசலுக்கும் மெஷினுக்கும் அதே நடை.

"மத்த அத்தியாயத்துலயும் அப்படி எத்தனை வரி இருக்கோ, அண்ணாச்சி."

காலையிலிருந்து மெஷினில் வேறொருவருடைய தாள் பாதியில் நின்றது. அர்த்தம் தெரியாமல் விரல் ஓடவில்லை. அதை உருவி அவரிடம் நீட்டினேன்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் சொல்லுங்க சார்."